டார்ச்சர் பிறந்த கதை

திருச்சி புத்தூர் நால்ரோட்டில் மாலை வேளையில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், இந்தச் சொல் எப்படியும் காதில் விழும். கல்லூரி விட்டு வருகிற பையன் பைக்கில் சாய்ந்துகொண்டு, "அசைன்மென்ட் அசைன்மென்ட்னு ஒரே டார்ச்சர்டா மாப்ள" என்பான். பக்கத்துக் கடையில் போனைக் காதிலிருந்து எடுத்தவர், "இந்த லோன்காரன் டார்ச்சர் தாங்கல" என்று யாரிடமும் இல்லாமல் சொல்லிக்கொள்வார். பெரியாஸ்பத்திரி பஸ் ஸ்டாப்பில் ஒரு பாட்டி, "சுகர் மாத்திரையைப் போடு, போடுன்னு என் மக என்னைப் போட்டு டார்ச்சர் பண்றா" என்று பக்கத்திலிருப்பவரிடம் புகார் சொல்வார். அந்தப் புகாரில் பாதி பெருமை.

தமிழில் இதற்குச் சொல் இல்லாமலா? தொல்லை, தொந்தரவு, இம்சை, ரோதனை, குடைச்சல், நச்சரிப்பு, பிடுங்கல், வதை என்று வரிசையாக இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை உண்டு. தொல்லை கொசுவுக்குப் போதும். இம்சையில் ஒரு சிரிப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2006இல் வடிவேலு இம்சை அரசனாக வந்தபிறகு அந்தச் சிரிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை. சித்திரவதை என்று சொன்னால் ராஜா காலத்து நாடக மேடையே கண்முன் வந்துவிடும். மாமியாரைப் பற்றி அந்தச் சொல்லை எடுக்க மருமகளுக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே காலியாகக் கிடந்த நாற்காலியில் டார்ச்சர் வந்து உட்கார்ந்துகொண்டது. 'பண்ணு', 'கொடு' என்ற இரண்டு துணைவினைகளையும் சேர்த்துக்கொண்டு, 'டார்ச்சர் பார்ட்டி' என்று ஆளுக்கே பட்டப்பெயராகவும் ஆகிவிட்டது. டென்ஷன் நமக்குள்ளேயே வருவது. டார்ச்சருக்கு எதிரே ஓர் ஆள் வேண்டும். இந்த வித்தியாசத்தை யாரும் நமக்குச் சொல்லித்தரவில்லை, ஆனாலும் பிசகாமல் பேசுகிறோம்.

சொல்லின் பூர்வீகம் லத்தீன். முறுக்குவது, திருகுவது என்று பொருள்படும் 'டார்க்வேரே' என்ற வினையடி. கைகால்களை முறுக்கி வாக்குமூலம் வாங்குவது ஐரோப்பாவில் பழைய நீதிமன்ற வழக்கம். அந்த முறுக்கலே பிறகு வேதனைக்கும் பெயரானது. இந்தக் குடும்பத்தின் மற்றப் பிள்ளைகளும் நம் ஊரில்தான் குடியிருக்கிறார்கள். மேலே சொன்ன பையன் தன் பைக்குக்கு 'டார்க்' அதிகம் என்று பீற்றிக்கொள்கிறானே, அது இதன் உடன்பிறப்பு. சட்டக் கல்லூரி மாணவர்கள் படிக்கும் 'டார்ட்ஸ்' பாடம் இன்னொன்று. மிரட்டிப் பறிப்பதற்கு வக்கீல்கள் சொல்லும் 'எக்ஸ்டார்ஷன்' மூன்றாவது. சணலை முறுக்கி எண்ணெயில் தோய்த்துக் கொளுத்திய பந்தத்திலிருந்து வந்ததாம் 'டார்ச்'. ரோந்து போகிற ஏட்டய்யா கையில் இருப்பது அதன் பேட்டரிப் பேரன்.

அகராதி இதோடு நின்றுவிடும். நம் மண்ணில் இந்தச் சொல் பிறந்த கதை வேறு. அது கிஸ்தியில் தொடங்குகிறது.

திருச்சிராப்பள்ளிச் சீமை 1801இல் கர்நாடக நவாபிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தது. பிறகு மன்றோ காலத்து ரயத்துவாரி முறை. நடுவில் ஜமீன்தார் கிடையாது. ஒவ்வொரு குடியானவனும் நேராகச் சர்க்காருக்குக் கடன்பட்டவன். ஆண்டுக்கு ஒரு ஜமாபந்தி, அதில் தீர்மானமாகும் தொகை, அதைத் தவணை தவணையாகக் கட்ட வேண்டிய கிஸ்தி. பல இடங்களில் நஞ்சை விளைச்சலில் ஏறத்தாழப் பாதியைச் சர்க்கார் பங்காக வைத்துப் போட்ட கணக்கு அது. புத்தூரை ஒட்டி ஓடுகிற உய்யக்கொண்டான் பாசனத்துக்காரர்களுக்கும் இதே கதிதான். 1820களின் நடுவிலிருந்து தானிய விலை இறங்கிக்கொண்டே போனது. வரி மட்டும் ரொக்கத்தில் இருந்ததால், அதே ரூபாயைப் புரட்டக் கூடுதல் நெல்லை விற்க வேண்டியிருந்தது.

கட்ட முடியாதவனை என்ன செய்வது? இங்கேதான் வினை. 1816ஆம் ஆண்டின் 11ஆம் ஒழுங்குவிதி, தாசில்தாரையே தாலுகா போலீசுக்கும் தலைவராக்கியிருந்தது. வரி கேட்கிறவரும் அவர், பிடித்து உட்கார வைக்கிறவரும் அவர். மேலே கலெக்டர், அவரே மாஜிஸ்திரேட்டும். தாசில்தாருக்கு மேலிருந்து நெருக்கடி வந்தால் அதை அவர் கர்ணம், மணியக்காரர், சேவகன் என்று கீழே இறக்கிவிடுவார். கடைசிச் சுமை கச்சேரி வாசலில் நிற்கிறவன் உடம்பில் வந்து இறங்கும்.

அந்த உடம்புக்கு என்ன நடந்தது என்பதற்குப் பெயர்களே இருந்தன. ஒன்று கிட்டி. ஒரு முனையில் கட்டிய இரண்டு குச்சிகள். நடுவே விரல்களை வைத்து மறுமுனையை நெருக்க வேண்டியது. அவ்வளவுதான் கருவி. கொல்லன் பட்டறைக்குப் போக வேண்டாம், வேலியில் ஒடித்துக்கொள்ளலாம். இரண்டாவது அண்ணாந்தாள். ஆளைக் குனிய வைத்து, அவன் மேல்துண்டையோ வைக்கோல் புரியையோ கழுத்துக்கு மேலும் கால் கட்டைவிரல்களுக்கு அடியிலும் ஓட்டிக் கட்டி, உச்சி வெயிலில் நிறுத்திவிடுவது. முதுகில் ஒரு கல்லை ஏற்றினால் கூடுதல் மரியாதை. அண்ணாந்தாள் என்பது திண்ணைப் பள்ளிக்கூடத்திலும் வழங்கிய தண்டனைப் பெயர். பிள்ளையாக இருந்தபோது வாத்தியார் முன்னால் நின்றவன், பெரியவனாகித் தாசில்தார் முன்னால் நின்றான். இவை போக, கண்ணில் மிளகாய்ப்பொடி, தேங்காய்ச் சிரட்டைக்குள் வண்டை விட்டுத் தொப்புளின்மேல் கவிழ்த்துக் கட்டுவது என்று பட்டியல் நீளும். கிட்டியின் நெருக்கலும் வெயிலில் நிற்பதும் பெரும்பாலும் தழும்பு விடாதவை என்பதைக் கவனிக்க வேண்டும். அது தற்செயல் இல்லை.

இதெல்லாம் ஊருக்குத் தெரிந்த ரகசியம். லண்டனுக்குத் தெரியாது, அல்லது தெரியாதது போல இருந்தது. தெரிய வைத்தவர்களில் முக்கியமானவர் காஜுலு லட்சுமிநரசு செட்டியார். சென்னையில் ஜவுளி, அவுரி வியாபாரக் குடும்பம்; 'கிரெசென்ட்' என்ற பத்திரிகை நடத்தியவர். 1852இல் அவர் முன்நின்று தொடங்கிய சென்னை மக்கள் சங்கம் நாடாளுமன்றத்துக்கு விண்ணப்பம் அனுப்பியது. மறு ஆண்டு டான்பி சீமோர் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் சென்னைக்கு வந்தார். செட்டியார் அவரை மாகாணத்துக்குள் அழைத்துப்போய்க் குடியானவர்கள் வாயாலேயே கேட்க வைத்தார். 1854 ஜூலையில் காமன்ஸ் சபையில் பிளாக்கெட் என்ற உறுப்பினர் சென்னை நிலவரி பற்றித் தீர்மானம் கொண்டுவர, அங்கேதான் இந்தச் சொல் சபையேறியது. கம்பெனியின் வரி வசூலில் டார்ச்சர் நடக்கிறது என்று சீமோர் சொன்னார். இந்தியாவில் உத்தியோகம் பார்த்துத் திரும்பியிருந்தவர்கள் அப்படியொன்றைக் கேள்விப்பட்டதே இல்லை என்று மறுத்தார்கள். வாதம் முற்றி, விசாரிக்கச் சொல்லிச் சென்னைக்கு உத்தரவு வந்தது.

அப்போது கவர்னர் ஹாரிஸ் பிரபு. அவர் நியமித்த குழுவில் மூன்று பேர்: சென்னையின் தலைமை மாஜிஸ்திரேட்டாக இருந்த எலியட், ஸ்டோக்ஸ் என்ற சிவில் அதிகாரி, ஜான் புரூஸ் நார்ட்டன் என்ற பாரிஸ்டர். நார்ட்டன் கம்பெனி ஆட்சியை எழுத்தில் வெளுத்து வாங்கியவர். குழு உட்கார்ந்தது சென்னையில். இந்தப் பக்கத்தில் ரயில் ஓடத் தொடங்கியதே 1856இல்தான். திருச்சிராப்பள்ளியிலிருந்து ஒருவர் புகார் சொல்ல வேண்டுமென்றால் 320 கிலோமீட்டர் நடந்தோ வண்டி கட்டியோ போக வேண்டும். போய்ச் சேருவதற்குள் காயம் ஆறிவிடும். திரும்பி வரும்போது அதே சேவகன் ஊர் எல்லையில் நிற்பான். புகாரைக் கேட்க மூன்று மாதம்தான் ஒதுக்கினார்கள். குழுவுக்கோ தண்டிக்கிற அதிகாரமும் இல்லை, ஈடு கொடுக்கிற அதிகாரமும் இல்லை. இவ்வளவையும் மீறி வந்த புகார்கள் 1,959. அவற்றில் நேரில் வந்தவர்கள் 519 பேர், மீதி கடிதங்கள்.

1855 ஏப்ரலில் அறிக்கை வந்தது. வரி வசூலிலும் போலீஸ் விசாரணையிலும் டார்ச்சர் நடப்பது உண்மை என்று அது ஒப்புக்கொண்டது. நம் கிட்டியும் அண்ணாந்தாளும் அந்த அறிக்கையில் ஆங்கில எழுத்தில் அச்சேறின. தமிழ்ச் சொற்கள் அங்கே போயின, ஆங்கிலச் சொல் இங்கே வந்தது. பண்டமாற்று சரியாகிவிட்டது என்று வேண்டுமானால் கசப்பாகச் சிரித்துக்கொள்ளலாம். ஆனால் பழியை யார்மேல் போடுவது என்று வந்தபோது குழு நழுவியது. செய்பவர்கள் எல்லாம் உள்ளூர்ச் சிப்பந்திகள், வெள்ளைக்கார அதிகாரிகள் அதை வெறுப்பவர்கள், குடிகளும் அவர்களைத்தான் நம்புகிறார்கள் என்று எழுதிவைத்தார்கள். கீழே இருப்பவனைச் சஸ்பெண்ட் செய்து கோப்பை மூடும் கலையில் நம் அரசுகளுக்கு மூத்த ஆசிரியர்கள் இவர்கள். இரண்டு ஆண்டு கழித்து, 1857 செப்டம்பரில், சிப்பாய்களின் கொடூரம் பற்றி லண்டன் பத்திரிகைகள் பொங்கிக்கொண்டிருந்த நேரத்தில் நியூயார்க் டெய்லி டிரிப்யூனில் ஒரு கட்டுரை வந்தது. இதே சென்னை அறிக்கையை எடுத்துப் போட்டு, உங்கள் வீட்டுக் கணக்கை முதலில் பாருங்கள் என்று கேட்டது. எழுதியவர் கார்ல் மார்க்ஸ். தஞ்சாவூரையோ திருச்சியையோ பார்க்காதவர். அச்சாகிவிட்ட காகிதத்துக்கு அவ்வளவு தூரம் போகிற கால் உண்டு.

பலன் கொஞ்சம் இருந்தது. 1859இல் சென்னை மாகாணத்துக்கென்று தனிப் போலீஸ் சட்டம் வந்து, தாசில்தார் கையிலிருந்து லத்தி பிடுங்கப்பட்டது. 1861இல் இந்தியப் போலீஸ் சட்டம் வந்தது. 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம், போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்றது. வரி வசூலில் கிட்டி ஒழிந்தது. விசாரணையில் ஒழியவில்லை.

இதற்கிடையில் 1860இல் இந்திய தண்டனைச் சட்டம் நிறைவேறியது. அதன் 330ஆவது பிரிவை எடுத்துப் பாருங்கள். வாக்குமூலம் வாங்கவோ பொருளை மீட்கவோ ஒருவரைக் காயப்படுத்தினால் ஏழாண்டு வரை சிறை. கீழே நான்கு உதாரணங்கள். வாக்குமூலத்துக்காக ஒருவனை டார்ச்சர் செய்யும் போலீஸ் அதிகாரி முதலாவது. திருட்டுப் பொருள் இருக்கும் இடத்தைக் காட்டச் சொல்லி டார்ச்சர் செய்யும் போலீஸ் அதிகாரி இரண்டாவது. வரிப்பாக்கிக்காக டார்ச்சர் செய்யும் வருவாய் அதிகாரி மூன்றாவது. குத்தகைக்காக ரயத்தை டார்ச்சர் செய்யும் ஜமீன்தார் நான்காவது. உலர்ந்த சட்ட வாசகத்துக்கு அடியில் அந்தக் காலத்துக் கச்சேரி வாசல் அப்படியே நிற்கிறது. இன்னொன்றும் தெரியும்: பிரிவின் வாசகத்தில் இருப்பது 'காயம்'. 'டார்ச்சர்' வருவது உதாரணங்களில் மட்டும். எதை டார்ச்சர் என்பது என்று சட்டம் எங்கேயும் வரையறுக்கவில்லை. 2024 ஜூலை முதல் தேதி நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இந்தக் குற்றம் 120ஆவது பிரிவுக்கு இடம் மாறியது. வரையறை அதிலும் வரவில்லை.

சட்டப் புத்தகத்திலிருந்து சொல் எப்படி மாத்திரை போடாத பாட்டியிடம் வந்து சேர்ந்தது? என் கணிப்பில் அது குடும்ப வழக்குகளின் வழியாக வந்தது. 1983இல் 498ஏ பிரிவு வந்தபிறகு வரதட்சணை வழக்குகள் பத்திரிகைகளில் நாள்தோறும் இடம்பிடித்தன. சட்டம் அதற்கு வைத்த பெயர் வேறு, 'குரூவல்டி'. ஆனால் மகளிர் காவல் நிலையத்துக்கு வந்த பெண்ணும், மனு எழுதிய வக்கீல் குமாஸ்தாவும், அதைக் கேட்ட அக்கம்பக்கமும் சொன்னது 'மெண்டல் டார்ச்சர்'. அடித்தால் காட்டக் காயம் இருக்கிறது; அடிக்காமலே செய்வதற்கு இந்த இரட்டைச் சொல் கைகொடுத்தது. டிவி சீரியல்கள் அதை வீட்டுக் கூடத்துக்குள் கொண்டுவந்தன. அப்புறம் 'மெண்டல்' கழன்று விழுந்தது. மிஞ்சியது ஆபீஸுக்கும் இஎம்ஐக்கும் காதலுக்கும் பொதுவாகிப்போனது.

சொல் இப்படிப் பெருகியதில் தப்பில்லை. பேசுகிறவர்களுக்குச் சொந்தமானது சொல். எனக்கு உறுத்துவது மறுபக்கம். அசைன்மென்ட் டார்ச்சராகிவிட்ட ஊரில், அசல் டார்ச்சருக்கு நாம் வைத்திருக்கும் பெயர்கள் எவ்வளவு மிருதுவானவை! 'விசாரணை'. 'கவனிப்பு'. 'நல்லா கவனிச்சு அனுப்புங்க' என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். பத்திரிகைகள் எழுதும் 'கிடுக்கிப்பிடி விசாரணை'யில் கிடுக்கி என்பது இடுக்கி வகைக் கருவி என்பதை யாரும் நினைப்பதில்லை. இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: மாவுக்கட்டு. பிடிபட்டவர் 'பாத்ரூமில் வழுக்கி விழுந்து' கையில் மாவுக்கட்டோடு நிற்கும் படம் வந்தால், கமெண்டில் சிரிப்புப் பொம்மைகள் குவிகின்றன. (எலும்பு முறிவுக்குப் பேர்போன புத்தூர் கட்டு நம் புத்தூர் இல்லை, ஆந்திரத்துப் புத்தூர். ஆனாலும் அந்தச் சிலேடையை யாராவது சொல்லாமல் விடுவதில்லை.) கைதானவர்களுக்கு மட்டும்தான் காவல் நிலையக் கழிப்பறை வழுக்குமா என்று 2025இல் சென்னை உயர் நீதிமன்றமே கேட்டது. நாம் கேட்கவில்லை. ரவுடிதானே, படட்டும் என்று இருந்துவிடுகிறோம்.

அந்தச் சிரிப்புக்கு விலை உண்டு. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் போலீஸ் பிடித்துப்போனபின் இறந்த தகப்பனும் மகனும் ரவுடிகள் இல்லை, கடை வைத்திருந்தவர்கள். 2025 ஜூனில் திருப்புவனத்தில், காணாமல்போன நகையைப் பற்றிய புகாரில் அழைத்துச் செல்லப்பட்டுப் போலீஸ் காவலில் இறந்த இளைஞர் ஒரு கோயில் காவலாளி. 330இன் இரண்டாவது உதாரணத்தை மறுபடி படியுங்கள்: திருட்டுப் பொருள் இருக்கும் இடத்தைக் காட்டச் சொல்லி. 1860இல் எழுதியது அது.

டார்ச்சருக்கு எதிரான ஐநா உடன்படிக்கையில் இந்தியா 1997 அக்டோபர் 14 அன்று கையெழுத்திட்டது. இன்றுவரை அதை ஏற்புறுதி செய்யவில்லை. 2010இல் ஒரு தடுப்பு மசோதா மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையின் தெரிவுக் குழுவுக்குப் போய், காலாவதியானது. தனிச் சட்டம் வரும்வரை கையில் இருப்பது ஒரு காகிதம். கைதான எவரையும் உடனே மருத்துவ அதிகாரி பரிசோதிக்க வேண்டும். உடம்பில் உள்ள காயங்களையும், அவை ஏறத்தாழ எப்போது ஏற்பட்டிருக்கும் என்பதையும் எழுத வேண்டும். அந்த அறிக்கையின் நகலைக் கைதானவரிடமோ அவர் சொல்லும் ஆளிடமோ கொடுக்க வேண்டும். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 53ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. உங்களுக்குத் தெரிந்த யாரையாவது கைதுசெய்து பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தால், அந்த நகலைக் கேட்டு வாங்குங்கள். அது பிச்சை இல்லை, அவர் உரிமை.